தடுப்பூசி பத்தி சோஷியல் மீடியால மக்கள் பேசுறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைங்களுக்கு ஊசி போடுற நர்ஸா பல வருஷம் வேலை பாத்தவ நான். முன்னெல்லாம் அம்மாக்கள் சந்தேகத்தை எங்ககிட்ட வந்துதான் கேப்பாங்க, இப்போ முந்தின நாள் ராத்திரியே ஃபோன்ல கேட்டு முடிச்சிடுறாங்க, யார்கிட்ட கேட்டாங்க என்ன பதில் கிடைச்சதுன்னு நமக்குத் தெரியுறதே இல்ல. அதனாலயே வாட்ஸ்அப் குரூப், ஃபேஸ்புக், யூடியூப் கமெண்ட்னு தடுப்பூசி பேச்சு எங்க வந்தாலும் உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன், முடிஞ்ச இடத்துல பதிலும் போடுறேன். திரும்பத் திரும்ப என்கிட்ட வர்ற கேள்விங்களுக்கு இங்க பதில் எழுதியிருக்கேன்.

கே: ஃபோனைத் திறந்தா பாதி பேர் தடுப்பூசிக்கு எதிரா இருக்கிற மாதிரி தெரியுதே, நிஜமாவே அப்படியா?

இல்லங்க. உலகம் முழுக்க பெரும்பாலான அப்பா அம்மா குழந்தைக்கு ஊசி போட்டுட்டுத்தான் இருக்காங்க. ஆனா ஊசி போட்டு, ராத்திரி லேசா காய்ச்சல் அடிச்சு, மறுநாள் குழந்தை பழையபடி தவழ ஆரம்பிச்சா அதை யாரு போஸ்ட்டா போடுவா? நல்லபடியா முடிஞ்ச விஷயத்துல சொல்றதுக்கு ஒண்ணுமே இருக்காது. பயந்தவங்களும் கோவத்துல இருக்கிறவங்களும்தான் எழுதுறாங்க, அதனால அவங்கதான் நம்ம கண்ணுல படுறாங்க.

அதோட ஒரே சரக்குதான் பல கை மாறி சுத்திட்டு இருக்கு. 2021ல ஆன்லைன்ல பரவுற வெறுப்பையும் பொய்யையும் எதிர்த்து வேலை செய்யுற சென்டர் ஃபார் கவுன்ட்டரிங் டிஜிட்டல் ஹேட்ங்கிற அமைப்பு, ஃபேஸ்புக்லயும் ட்விட்டர்லயும் சுத்தின தடுப்பூசி எதிர்ப்பு போஸ்ட்டுகள்ல ஒரு சாம்பிள் எடுத்துப் பாத்து, அதுல 65 சதவீதம் வெறும் 12 பேர்கிட்ட இருந்து கிளம்பினதுன்னு சொன்னாங்க. ஃபேஸ்புக் கம்பெனி அந்தக் கணக்கை ஒத்துக்கல, சாம்பிள் ரொம்பச் சின்னதுன்னு மறுத்தாங்க, அது நியாயமான ஆட்சேபணைதான். ஆனா கத்துறவங்க கொஞ்சப் பேர்தான்ங்கிறதை நான் படிக்கிற குரூப்புங்கள்லயே பாக்குறேன், அதே வீடியோ, அதே எழுத்துப்பிழையோட, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை திரும்ப வரும்.

கவலைப்பட வேண்டியது அவங்க எத்தனை பேருங்கிறதை விட, எங்க போய் உக்காந்திருக்காங்கங்கிறதுதான். 2020ல நேச்சர் பத்திரிகைல ஒரு ஆய்வு வந்துச்சு, 2019 தட்டம்மை பரவல் சமயத்துல ஃபேஸ்புக்ல கிட்டத்தட்ட 10 கோடி பேர் இருந்த பக்கங்களை வச்சு யாரு யாரோட சேந்திருக்காங்கன்னு வரைபடம் மாதிரி போட்டாங்க. எதிர்ப்புப் பக்கங்கள் ஒவ்வொண்ணும் சின்னது, ஆனா எண்ணிக்கைல நிறைய, குழந்தை வளர்ப்பு மாதிரி விஷயம் பேசுற, இன்னும் முடிவெடுக்காத பக்கங்களோட பின்னிப் பிணைஞ்சு கிடந்துச்சு. தடுப்பூசியை ஆதரிக்கிற பக்கங்க ஓரமா நின்னு தங்களுக்குள்ளயே பேசிட்டு இருந்தாங்க. இதைப் படிச்சப்போ எனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா நாங்களும் அதைத்தான் பண்ணிட்டு இருந்தோம்.

கே: ஊசியை சந்தேகப்பட்டுக் கேக்குறவங்க எல்லாருமே எதிர்ப்பாளர்தானே, அவங்களுக்கு எதுக்கு பதில் சொல்லி நேரத்தை வீணாக்கணும்?

இந்த நினைப்புதான் பெரிய தப்பு, இதை மட்டும் கொஞ்சம் நீளமா சொல்றேன். ஒரு அம்மாக்கள் குரூப்ல ராத்திரி 11 மணிக்கு ஒரு பொண்ணு எழுதுச்சு: "நாளைக்குப் பாப்பாவுக்கு ரெண்டாவது ஊசி, ஒரு வீடியோ பாத்தேன், போடலாமா வேணாமான்னு பயமா இருக்கு." அவ்வளவுதான் எழுதினது. அடுத்த அரை மணி நேரத்துல கிட்டத்தட்ட 40 பதில் வந்துச்சு. படிச்ச பொண்ணு மாதிரியா பேசுறீங்க, உங்களை மாதிரி ஆளுங்களாலதான் நோய் பரவுது, குழந்தை மேல அக்கறை இருந்தா இப்படிக் கேப்பீங்களான்னு வரிசையா. அந்த வீடியோல என்ன இருந்துச்சுன்னு ஒருத்தர் கூட கேக்கல. அந்தப் பொண்ணு 12 மணிக்குள்ள குரூப்பை விட்டே போயிடுச்சு.

நான் தனியா மெசேஜ் பண்ணேன். நர்ஸ்னு சொன்னதும் ரொம்ப நேரம் டைப்பிங்னே காட்டிட்டு இருந்துச்சு, அப்புறம் ஒரு ஃபோட்டோ வந்துச்சு. குழந்தையோட தொடை, ஊசி போட்ட இடத்துல ஒரு சின்ன கட்டி. "அக்கா, மூணு வாரமா இது கரையவே இல்ல, அந்த வீடியோல இதுதான் உள்ள தங்குற விஷம்னு சொல்றாங்க." இதுதான் விஷயம். ஊசி போட்ட இடத்துல தோலுக்கு அடியில இப்படிக் கல்லு மாதிரி ஒரு கட்டி வர்றதுண்டு, சிவப்போ சூடோ சீழோ இல்லாம, பெருசாகாம இருந்தா சில வாரத்துல தானா கரைஞ்சிடும், நாங்க ஊசி ரூம்ல தினமும் பாக்குறது. முதல் ஊசி போட்டவங்க அன்னைக்கே இதை ஒரு வரி சொல்லியிருந்தா அந்த வீடியோவுக்கு இந்த வீட்டுல வேலையே இருந்திருக்காது.

உலக சுகாதார நிறுவனத்தோட நிபுணர் குழு இந்தத் தயக்கத்தை மூணு காரணமா பிரிச்சு சொல்லியிருக்காங்க. நம்பிக்கை இல்லாம போறது ஒண்ணு. இந்த நோயெல்லாம் இப்போ எங்க இருக்குங்கிற அலட்சியம் இன்னொண்ணு. மூணாவது வசதி, அதாவது தூரம், லீவு, வரிசை, செலவு. கமெண்ட்ல சண்டை போடுறவங்க எல்லாத்தையும் முதல் காரணமாவே எடுத்துக்கிறாங்க, ஆனா "போடணும், டைம் கிடைக்கல"ன்னு எழுதுற அப்பாவுக்கு ஆராய்ச்சி லிங்க் அனுப்பி என்ன பிரயோஜனம், சனிக்கிழமை எங்க போடுறாங்கன்னு சொன்னா போதும்.

கே: பொய் மட்டும் ஏன் இவ்வளவு வேகமா பரவுது? ரோபோ அக்கவுண்ட்டுங்க வேலையா?

ரோபோ அக்கவுண்ட், அதாவது ஆள் இல்லாம கம்ப்யூட்டரே தானா போஸ்ட் போடுற அக்கவுண்ட், இருக்கு, ஆனா முக்கியக் காரணம் மனுஷங்கதான். அமெரிக்காவோட எம்ஐடி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2006ல இருந்து 2017 வரைக்கும் ட்விட்டர்ல சுத்தின சுமார் 1,26,000 செய்திகளை எடுத்துப் பாத்து 2018ல சயின்ஸ் பத்திரிகைல எழுதினாங்க. பொய்ச் செய்தியை மக்கள் ரீட்வீட் பண்ற வாய்ப்பு உண்மைச் செய்தியை விட 70 சதவீதம் அதிகம். ரோபோவைக் கழிச்சிட்டுப் பாத்தாலும் இதே முடிவுதான். பொய் எப்பவும் புதுசா இருக்கும், திடுக்குன்னு இருக்கும், யாரும் சொல்லாததை நான் சொல்றேன்னு இருக்கும். "தட்டம்மை ஊசி ரெண்டு டோஸ் போட்டா 97 சதவீதம் பாதுகாப்பு"ங்கிறது உண்மை, ஆனா அதைப் படிச்சு யாருக்கும் கை நடுங்காது. கை நடுங்குறப்போதான் விரல் ஷேர் பட்டனுக்குப் போகுது, அதுவும் கெட்ட எண்ணத்துல இல்ல, நம்ம ஆளுங்களை காப்பாத்தணும்னுதான் பாதிப் பேர் அனுப்புறாங்க.

கே: ஊசியால ஆட்டிசம் வருதுன்னு இன்னும் போஸ்ட் வருதே, அது எங்க இருந்து கிளம்பின கதை?

1998ல ஆண்ட்ரூ வேக்ஃபீல்டுங்கிற டாக்டரும் கூட இருந்தவங்களும் லான்செட் பத்திரிகைல ஒரு கட்டுரை போட்டாங்க. மொத்தம் 12 குழந்தைங்க. அதை வச்சு தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூணுக்கும் சேத்துப் போடுற எம்எம்ஆர் ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தம் இருக்கலாம்னு ஒரு பேச்சு கிளம்பிடுச்சு. அப்புறம் பிரையன் டீர்ங்கிற பத்திரிகையாளர் தோண்டித் தோண்டி எடுத்தாரு. தடுப்பூசி கம்பெனிங்க மேல கேஸ் போடத் தயாராகிட்டு இருந்த ஒரு வக்கீல்கிட்ட வேக்ஃபீல்டு பணம் வாங்கியிருந்தது, குழந்தைங்களோட விவரத்தை மாத்தி எழுதியிருந்தது எல்லாம் வெளிய வந்துச்சு. 2010ல லான்செட் அந்தக் கட்டுரையை முழுசா வாபஸ் வாங்குச்சு, அதே வருஷம் பிரிட்டன்ல அவர் டாக்டர் பதிவையும் பறிச்சாங்க.

அதுக்கப்புறம் நிறைய நாட்டுல பாத்துட்டாங்க. டென்மார்க்ல மட்டும் 6,57,461 குழந்தைங்களை பல வருஷம் பின்தொடர்ந்து 2019ல முடிவு சொன்னாங்க, எம்எம்ஆர் போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் நடுவுல ஆட்டிசத்துல எந்த ஏற்றமும் இல்ல. 12 குழந்தைங்க எங்க, ஆறரை லட்சம் எங்க.

ஆனா "என் பையன் ஊசி போட்டதுக்கு அப்புறம்தான் பேசுறதை நிறுத்தினான்"னு எழுதுற அம்மா பொய் சொல்லல, தயவு செஞ்சு அவங்களை பொய்க்காரின்னு சொல்லாதீங்க. ஆட்டிசத்தோட அறிகுறிங்க வெளியில தெரிய ஆரம்பிக்கிற வயசும், எம்எம்ஆர் முதல் டோஸ் போடுற வயசும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு வந்தா அதனாலதான் இது வந்துச்சுன்னு நினைக்கிறது மனுஷ சுபாவம். ஊசி போடாத குழந்தைங்களுக்கும் அதே வயசுல அதே மாதிரி தெரியுதுங்கிறது அவங்களுக்குப் பாக்கக் கிடைக்காது, பல லட்சம் குழந்தைங்களை சேத்துப் பாத்தாதான் தெரியும்.

கே: "ஆஸ்பத்திரில கிடக்கிறவங்கள்ல பாதிக்கு மேல ஊசி போட்டவங்கதான்"னு கணக்கோட போஸ்ட் வந்துச்சு, அந்தக் கணக்கு உண்மையாவும் இருக்கே?

கணக்கு உண்மையா இருக்கலாம், அதுல இருந்து எடுக்கிற முடிவுதான் தப்பு. சும்மா ஒரு உதாரணத்துக்கு 100 பேர்னு வச்சுக்குங்க, 90 பேர் ஊசி போட்டவங்க, 10 பேர் போடாதவங்க. போட்டவங்கள்ல 9 பேர் அட்மிட் ஆனாங்க, போடாதவங்கள்ல 5 பேர். மொத்தம் 14 பேர்ல 9 பேர் ஊசி போட்டவங்கதானே, போஸ்ட்ல சொன்ன மாதிரியேதான் இருக்கு. ஆனா போட்டவங்கள்ல பத்துல ஒருத்தர் அட்மிட், போடாதவங்கள்ல ரெண்டுல ஒருத்தர். எல்லாருமே ஊசி போட்ட ஊர்ல, அட்மிட் ஆகிறவங்க எல்லாரும் ஊசி போட்டவங்களாத்தான் இருப்பாங்க. இந்தக் கணக்கை ஒரு பேப்பர்ல போட்டு ஃபோட்டோ எடுத்து வச்சிருக்கேன், நூறு வார்த்தை எழுதுறதை விட அதுதான் வேலை செய்யுது.

கே: அப்போ பக்கவிளைவே கிடையாதுன்னு அடிச்சு சொல்லிடலாமா?

சொல்லவே கூடாது. அது பொய், பொய்க்கு பொய் மருந்து ஆகாது. 1998ல அமெரிக்கால ரோட்டாஷீல்டுன்னு ஒரு வயித்துப்போக்குத் தடுப்பு மருந்து வந்துச்சு. சுமார் 10,000 குழந்தைங்கள்ல ஒருத்தருக்கு குடல் உள்ளுக்குள்ள மடிஞ்சு அடைச்சுக்கிறது தெரிஞ்சதும் 1999லயே அதை மார்க்கெட்ல இருந்து எடுத்துட்டாங்க. கொரோனா ஊசில கூட ஆஸ்ட்ராசெனகா போட்ட ரொம்பச் சிலருக்கு ரத்தம் உறையுற பிரச்சனை வந்துச்சு, ஃபைசர், மாடர்னா மாதிரி எம்ஆர்என்ஏ வகை ஊசி போட்ட இளைஞர்கள் சிலருக்கு இதயத் தசைல வீக்கம் வந்துச்சு. இதெல்லாம் யாரோ ரகசியமா வீடியோ போட்டு வெளிய வந்ததில்ல, ஊசிக்கு அப்புறம் என்ன நடக்குதுன்னு பதிவு பண்ணிக் கண்காணிக்கிற ஏற்பாடு இருக்கிறதாலதான் தெரிஞ்சுது.

அந்தப் பதிவேட்டையே சிலர் தப்பா காட்டுறாங்க. அமெரிக்காவோட வேர்ஸ் பட்டியல்ல யாரு வேணா புகார் எழுதலாம், ஊசிக்கு அப்புறம் நடந்தது எதுவா இருந்தாலும் எழுதலாம், அது ஊசியாலதான் நடந்துச்சான்னு அப்புறம்தான் பாப்பாங்க. அந்த மொத்த எண்ணிக்கையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து "இத்தனை பேர் ஊசியால செத்தாங்க"ன்னு போடுறது, போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்த புகார் எல்லாத்தையும் தீர்ப்புன்னு சொல்ற மாதிரி.

கே: இந்த எதிர்ப்பெல்லாம் ஃபேஸ்புக் வந்த பிறகு வந்ததுதானே?

இல்ல, ஊசியோட வயசுதான் எதிர்ப்புக்கும். எட்வர்ட் ஜென்னர் 1796ல பெரியம்மைக்கு மாட்டம்மையில இருந்து தடுப்பு கண்டுபிடிச்சாரு, 1802லயே ஊசி போட்டவங்க உடம்புல இருந்து மாடு முளைச்சு வர்ற மாதிரி லண்டன்ல கார்ட்டூன் போட்டாச்சு. 1885ல இங்கிலாந்து லெஸ்டர் நகரத்துல கட்டாய ஊசிக்கு எதிரா பல ஆயிரம் பேர் ஊர்வலம் போனாங்க. அந்தப் பெரியம்மையே இல்லன்னு 1980ல அறிவிச்சதும் இதே ஊசியாலதான். ஒரு கார்ட்டூன் ஊர் தாண்டிப் போக அப்போ எத்தனையோ நாள் ஆச்சு, இப்போ ஒரு நிமிஷம்.

கே: வெறும் ஆன்லைன் பேச்சுதானே, இதால நிஜமா உயிர் போகுமா?

சமோவாவைப் பாருங்க. ரெண்டு லட்சம் பேர் இருக்கிற சின்னத் தீவு நாடு. 2018 ஜூலைல எம்எம்ஆர் போட்ட ரெண்டு குழந்தைங்க சில நிமிஷத்துல இறந்துட்டாங்க. விசாரணைல தெரிஞ்சது, ஊசி மருந்துப் பொடியை தண்ணிக்குப் பதிலா தப்பா தசையைத் தளர்த்துற மருந்து ஒண்ணை விட்டுக் கலக்கிட்டாங்க, நர்சுங்க ரெண்டு பேர் குற்றத்தை ஒத்துக்கிட்டாங்க. ஒரு நர்ஸா இதை எழுதுறப்போ எனக்கு இப்பவும் வயித்தைப் பிசையுது, அந்த ரெண்டு வீட்டுக்கும் என்ன சமாதானம் சொன்னாலும் பத்தாது. தப்பு கலக்கினதுல, மருந்துல இல்ல. ஆனா அரசாங்கம் மாசக்கணக்கா ஊசியை நிறுத்தி வச்சுது, அந்த இடைவெளில "ஊசிதான் கொன்னுச்சு"ங்கிற பேச்சு சோஷியல் மீடியால வேர் பிடிச்சிடுச்சு, வெளிநாட்டு எதிர்ப்பாளருங்களும் வந்து எண்ணெய் ஊத்தினாங்க. ஊசி போட்ட குழந்தைங்க சுமார் 31 சதவீதத்துக்கு இறங்கிடுச்சு.

தட்டம்மை வந்த ஒருத்தர், யாருக்கும் பாதுகாப்பு இல்லாத இடத்துல 12ல இருந்து 18 பேருக்குப் பரப்பலாம். அதைத் தடுத்து நிறுத்த 95 சதவீதம் பேராவது ஊசி போட்டிருக்கணும். 31ங்கிறது திறந்து போட்ட வீடு. 2019 கடைசில நோய் உள்ள வந்துச்சு, 5,700 பேருக்கு மேல வந்துச்சு, 83 பேர் இறந்தாங்க, பெரும்பாலும் அஞ்சு வயசுக்குக் கீழ. டிசம்பர்ல ரெண்டு நாள் நாட்டையே மூடிட்டு, ஊசி போடாதவங்க இருக்கிற வீட்டு வாசல்ல சிவப்புத் துணி கட்டச் சொன்னாங்க, நர்சுங்க அந்தத் துணியைப் பாத்து வீடு வீடா ஏறினாங்க. குரூப்ல யாராவது "இதெல்லாம் வெறும் கருத்து"ன்னு எழுதுறப்போ எனக்கு அந்தச் சிவப்புத் துணிதான் ஞாபகம் வருது.

ஜப்பான்ல வேற மாதிரி நடந்துச்சு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கிற எச்பிவி ஊசிக்கு அப்புறம் பொண்ணுங்க வலியிலயும் வலிப்பு மாதிரியும் துடிக்கிற காட்சிங்க மீடியால வர, 2013 ஜூன்ல அரசாங்கம் அந்த ஊசியைப் பரிந்துரைக்கிறதை நிறுத்திடுச்சு. 70 சதவீதம் பேர் போட்டுட்டு இருந்தது 1 சதவீதத்துக்கும் கீழ போச்சு. திரும்பப் பரிந்துரைக்க 2022 ஆச்சு. நடுவுல போன ஒன்பது வருஷத்துப் பொண்ணுங்களுக்கு என்ன ஆகும்னு இன்னும் பல வருஷம் கழிச்சுத்தான் தெரியும், ஏன்னா புற்றுநோய் மெதுவா வர்ற நோய்.

கே: ஆப் கம்பெனிங்க அந்த போஸ்ட்டை எல்லாம் நீக்கிட்டா சரியாகிடாதா?

கொஞ்சம் உதவும். படம் பகிர்ற பின்ட்ரெஸ்ட் ஆப்ல 2019ல தடுப்பூசின்னு தேடினா சுகாதார நிறுவனங்களோட பதிவு மட்டும் வர்ற மாதிரி மாத்தினாங்க, அது நல்ல முடிவுன்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா நீக்கின வீடியோ நம்ம குடும்ப குரூப்புக்குள்ள வந்துடும், அங்க யாரும் எட்டிப் பாக்க முடியாது, "இதை டெலீட் பண்றதுக்குள்ள பாருங்க"ன்னு ஒரு வரியோட வர்றதால இன்னும் மதிப்பு கூடிடும்.

கே: போஸ்ட்டுகளை கம்ப்யூட்டர் வச்சு எண்ணி மக்கள் மனநிலை இதுதான்னு சொல்றாங்களே, நம்பலாமா?

போக்கு தெரிஞ்சுக்க மட்டும். கிண்டலா எழுதினது கம்ப்யூட்டருக்குப் புரியாம போகும், "ஊசி வலிச்சுது"ன்னு எழுதினா எதிர்ப்புன்னு கணக்கு வச்சிடும், எழுதாத கோடிப் பேர் கணக்குலயே வர மாட்டாங்க.

கே: எங்க குடும்ப குரூப்ல பெரியவர் ஒருத்தர் தப்பான ஃபார்வர்டு போட்டுட்டாரு, என்ன பண்றது?

குரூப்ல எல்லார் முன்னாடியும் "மாமா இது பொய்"னு போடாதீங்க, அவர் அதுக்கப்புறம் தன் மரியாதைக்காகவே அதைப் பிடிச்சுக்குவாரு. தனியா ஃபோன் பண்ணுங்க. "எனக்கும் அனுப்பினீங்களே மாமா, எதைப் பாத்துப் பயந்தீங்க"ன்னு கேளுங்க, அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாதீங்க. அப்புறம் உங்களுக்குத் தெரிஞ்ச ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லுங்க. பத்து லிங்க் அனுப்பினா ஒண்ணையும் திறக்க மாட்டாங்க.

குரூப்ல மறுப்பு போட்டே ஆகணும்னா முதல்ல உண்மையைச் சொல்லுங்க, அப்புறம் எது பொய்னு ஒரு வரி, திரும்ப உண்மையோட முடிங்க. அந்த ஃபார்வர்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேல சிவப்பு கோடு போட்டு அனுப்பாதீங்க, பாதிப் பேர் கோட்டைப் பாக்காம படத்தை மட்டும் பாத்துட்டு அடுத்த குரூப்புக்கு அனுப்பிடுறாங்க, நானே இதைப் பண்ணி அந்தப் படம் திரும்ப எனக்கே வந்துச்சு. பதில் எழுதுறப்போ அந்த ஃபார்வர்டு போட்டவரை மனசுல வச்சு எழுதாதீங்க, பேசாம படிச்சிட்டு இருக்கிற மத்த ஐம்பது பேரை வச்சு எழுதுங்க.

கே: பயமா இருக்கிறது எனக்குத்தான், யார்கிட்ட என்ன கேக்கணும்?

ஊசி போடுறவங்ககிட்டயே கேளுங்க, வெக்கப்பட வேணாம். போன ஊசிக்கு அப்புறம் என்ன ஆச்சுங்கிறதை தேதியோட சொல்லுங்க, ஃபோட்டோ இருந்தா காட்டுங்க. ஏதாவது அலர்ஜி, வலிப்பு, எதிர்ப்புச் சக்தி குறைவா இருக்கிற பிரச்சனை இருந்தா கேக்காமலே சொல்லிடுங்க, சில ஊசிங்க சில பேருக்குப் போடக் கூடாதுங்கிறது உண்மை. இன்னைக்கு எந்த ஊசி, எந்த நோய்க்கு, ராத்திரி என்ன ஆகலாம், எது வந்தா உடனே வரணும்னு நாலையும் கேட்டு ஃபோன்ல எழுதிக்குங்க. பதில் சொல்ல நேரமில்லன்னு யாராவது எரிஞ்சு விழுந்தா தப்பு அவங்க மேலதான், அடுத்தவங்ககிட்ட கேளுங்க.

கே: அந்த 11 மணிப் பொண்ணு கடைசில ஊசி போட்டுச்சா?

மறுநாள் போட்டுச்சு. போறதுக்கு முன்னாடி அந்தக் கட்டியை அங்க இருந்த டாக்டர்கிட்ட காட்டச் சொன்னேன், அவரும் தொட்டுப் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு சொல்லி இன்னொரு தொடையில போடச் சொல்லியிருக்காரு. அன்னைக்கு ராத்திரி 9 மணிக்கு மெசேஜ் வந்துச்சு, காய்ச்சல் 101, குழந்தை அழுதுட்டே பால் குடிக்குதுன்னு. டாக்டர் எடைக்குத் தகுந்த மாதிரி எழுதிக் கொடுத்த பாராசிட்டமால் சிரப்பைக் கொடுக்கச் சொன்னேன், அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு அரை மணிக்கு ஒரு தடவை சந்தேகம் கேக்க, நான் பதில் சொல்லன்னு 1 மணி வரைக்கும் போச்சு. காலையில 99னு ஒரு மெசேஜ். அதுக்கப்புறம் ஒண்ணும் வரல. அந்த குரூப்ல அது திரும்ப சேரவே இல்ல.